பின்ஜன்னல் ஆய்வு: இன்ஸ்பெக்‌ஷன் கேரேஜில் உட்கார்ந்து ரயில் பாதையைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பயணிகளை ஏற்றி ஓடிக் களைத்த ஐ.சி.எஃப். (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகை) பெட்டிகளில் சில, பொறியாளர்களின் ஆய்வுப் பெட்டியாக மாறுகின்றன. ஒரு முனையில் இருந்த நடைவழியை அடைத்து, அந்தச் சுவரில் பெரிய கண்ணாடி வைப்பார்கள். உள்ளே மேசை, படுக்கை, சமையலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வந்து சேரும். துறைக்குள் இதற்கு இன்ஸ்பெக்‌ஷன் கேரேஜ் என்று பெயர், வெளியே சலூன். வண்டியின் வாலில் கோத்து ஓட்டினால், கடந்து வந்த பாதை கண்ணாடிக்கு அப்பால் பின்னோக்கி ஓடும்.

பாதைப் பராமரிப்புக்குப் புதிதாக வந்த இளம் பொறியாளர்கள் இந்தப் பெட்டியில் முதல்முறை ஏறும்போது செய்யும் தவறுகள் அநேகமாக ஒரே மாதிரிதான். வெறுங்கையோடு ஏறுவார்கள், எதையும் விடாமல் பார்க்க முயல்வார்கள், பாதி வழியில் கண் சொக்கும். கடைசியில் "பாதை பரவாயில்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த கேங்கும் (பாதை பழுதுபார்க்கும் தொழிலாளர் குழு) எங்கேயும் வேலை செய்ய முடியாது. கீழே உள்ள வரிசைப்படி போனால் அந்த நிலைமை வராது.

## 1. இந்த ஜன்னல் எதைக் காட்டாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் ஒரு கணக்கு. 110 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடும். கிலோமீட்டருக்கு 1,660 கான்கிரீட் ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) போட்ட பாதையில், ஒவ்வொரு நொடியும் 50 ஸ்லீப்பர் உங்கள் கண்முன் கடந்து போகும். ஸ்லீப்பருக்குத் தண்டவாளத்தைப் பிடிக்கும் நான்கு கிளிப் என்றால் நொடிக்கு 200 கிளிப். அதில் ஒன்று கழன்று கிடப்பதை எந்தக் கண்ணும் பிடிக்காது. அது பாதையைச் சோதிக்கும் ஊழியரான கீமேன் நடந்து பார்க்க வேண்டிய வேலை, அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

பாதையின் நேர்த்தி, உயரத்தில் வரும் பள்ளம், ஜல்லியின் வடிவம், வடிகால், பாலத்தின் இரு தலைப்பு (பாலம் கரையில் சேரும் முனை), லெவல் கிராசிங், வளைவின் நுழைவு இவற்றைத்தான் இந்த ஜன்னல் நன்றாகக் காட்டும். நீளவாக்கில் ஓடும் குறைகள் நடப்பவருக்குத் தெரியாது. ஐந்நூறு மீட்டரை ஒரே பார்வையில் பார்க்கும்போதுதான் தெரியும். அதற்காகத்தான் இந்தப் பெட்டி.

## 2. ஏறும் முன் பாதைத் தாள் தயார் செய்யுங்கள்

பயணத்தின் பாதி வேலை இதுதான். போகப்போகும் தூரத்துக்குக் கிலோமீட்டர் வாரியாக ஒரு தாள் போடுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு வரி. அந்த வரியில் வரும் நிலையம், லெவல் கிராசிங் எண், பாலம் எண், வளைவின் தொடக்கமும் முடிவும், வேகக் கட்டுப்பாடு ஆகியவற்றை முன்கூட்டியே எழுதுங்கள். வலப்பக்கம் பாதியை வெற்றாக விடுங்கள்.

ஓடும் வண்டியில் இடத்தின் பெயரை எழுத நேரம் இருக்காது. இடம் ஏற்கெனவே தாளில் இருந்தால் குறையை மட்டும் எழுதினால் போதும்.

கூடவே மூன்று விஷயங்களைச் சேகரியுங்கள். கடைசியாகப் பாதைப் பதிவு வண்டி (ஓடிக்கொண்டே பாதையின் அளவுகளைப் பதியும் வண்டி) ஓடியபோது மோசமாகக் காட்டிய இடங்கள், கடந்த சில மாதங்களில் இயந்திரம் வைத்துப் பேக்கிங் (ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்குவது) செய்த இடங்கள், ஓட்டுநர்கள் ஆட்டம் என்று புகார் சொன்ன இடங்கள். மூன்றையும் மூன்று நிறத்தில் தாளில் குறித்துவிடுங்கள். எங்கே உற்றுப் பார்க்க வேண்டும், எங்கே கண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்பதை அந்த நிறங்கள் சொல்லும்.

பென்சில், ஸ்டாப்வாட்ச், சின்ன பைனாகுலர், ஒரு டார்ச், கண்ணாடி துடைக்க நீளப் பிடி உள்ள ரப்பர் துடைப்பான் இவை பையில் இருக்கட்டும். பேனா வேண்டாம், குலுங்கும் பெட்டியில் மை இழுபடும். கைபேசியின் ஜி.பி.எஸ். துணைக்கு இருக்கலாம். ஆழமான வெட்டிலும் சுரங்கத்திலும் அது தடுமாறும் என்பதால் அதை மட்டும் நம்பி ஏறாதீர்கள்.

## 3. எந்த வண்டி, எந்த முனை, எந்த நேரம்

அதிகம் பேர் கோட்டை விடும் இடம் இது.

முனை. கண்ணாடி முனை வண்டியின் கடைசியில் இருக்க வேண்டும். யார்டில் பெட்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று முந்தைய நாளே கேளுங்கள். தப்பாக நின்றால் திருப்பி வைக்க நேரம் வேண்டும். வண்டி வழியில் திசை மாறுமா என்றும் பாருங்கள். பாலக்காட்டில் இருந்து எர்ணாகுளம் பக்கம் போகும் வண்டி ஷொரனூர் நிலையத்துக்குள் போய் வந்தால், அங்கே எஞ்சின் மறுமுனைக்கு வந்துவிடும். அதுவரை வாலில் இருந்த உங்கள் கண்ணாடி, அதன் பிறகு எஞ்சினின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போகும்.

தள்ளும் எஞ்சின். மலை ஏற்றத்தில் பின்னால் இன்னொரு எஞ்சின் சேர்ப்பார்கள். கர்ஜத்–லோனாவாலா ஏற்றத்தில் இது வழக்கம், செங்கோட்டை–புனலூர் மலைப் பாதையிலும் உண்டு. அந்தத் தூரத்துக்குப் பின்ஜன்னலில் வேலை இல்லை. அந்தப் பகுதிக்குத் தனியாக டிராலியோ (தண்டவாளத்தில் தள்ளிப்போகும் சிறு ஆய்வு வண்டி) எஞ்சின் பயணமோ திட்டமிடுங்கள்.

இணைப்பு. பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளுக்குத் திருகு இணைப்பும் இரு பக்க பஃபரும் (மோதலைத் தாங்கும் தட்டு). எல்.எச்.பி. என்ற புதிய வகைப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரே கப்ளர், பஃபர் கிடையாது. இரண்டும் நேரடியாகச் சேராது. இன்று பெரும்பாலான விரைவு வண்டிகள் எல்.எச்.பி.க்கு மாறிவிட்டதால், உங்கள் பெட்டிக்கு என்ன இணைப்பு இருக்கிறது என்று கேட்காமல் வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெட்டிக்கு அனுமதித்த வேகம் எவ்வளவு என்பதையும் அப்போதே கேளுங்கள். அது வண்டியின் வேகத்தை விடக் குறைவாக இருந்தால் இயக்கப் பிரிவு அந்த வண்டியில் சேர்க்க ஒப்புக்கொள்ளாது.

வெயில். பின்ஜன்னலுக்கு எதிர்த்திசைக் கணக்கு. காலையில் சென்னையில் இருந்து ஜோலார்பேட்டை பக்கம் போனால் வண்டி மேற்கே ஓடும், நீங்கள் கிழக்கே சூரியனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். முதல் ஒரு மணி நேரம் தண்டவாளத்தின் பளபளப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. சூரியன் சற்று ஏறிப் பக்கவாட்டில் இருந்து சாய்வாக அடிக்கும் நேரம்தான் நல்லது. நேர்கோட்டில் இருக்கும் சின்ன நெளிவைக்கூட அந்த வெளிச்சம் காட்டிக் கொடுக்கும்.

பருவத்தையும் யோசியுங்கள். நீள் பற்றவைப்புத் தண்டவாளம் வெப்பத்தில் நெளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கோடையில் பிற்பகல் ஓட வேண்டும். வடிகாலும் கரையும் பார்க்க வேண்டுமானால் வடகிழக்குப் பருவமழை நடக்கும்போதே ஓடுங்கள். மழை நின்று ஒரு மாதம் கழித்துப் போனால் தண்ணீர் எங்கே தேங்கியது என்று யாரும் காட்ட மாட்டார்கள்.

## 4. பெட்டிக்குக் கீழே குனிந்து பாருங்கள்

பழைய பெட்டியை மாற்றியமைக்கும்போது உள்ளறைக்குக் கிடைக்கும் கவனம் போகிக்கு (பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டம்) கிடைப்பதில்லை. மெத்தை புதிது, திரை புதிது, கீழே போகி பழசு. ஆட்டம் பெட்டியால் வந்ததா பாதையால் வந்ததா என்று பிரிக்கத் தெரியாவிட்டால் உங்கள் குறிப்பு முழுவதும் வீண். ஆகவே ஏறும் முன் இருபது நிமிடமாவது கீழே செலவிடுங்கள், டிப்போ ஊழியர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு.

ஐ.சி.எஃப். போகியில் அச்சுப் பெட்டிக்கு மேலே உள்ள சுருள்வில்லுக்கு நடுவே எண்ணெய் நிரம்பிய டேஷ்பாட் இருக்கும். வில்லின் துள்ளலை அடக்குவது அந்த எண்ணெய்தான். எண்ணெய் கசிந்திருந்தால் வில்லின் அடித்தட்டில் கருத்த ஈரமும் அதன்மேல் தூசியும் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட பெட்டி ஒரு சின்னப் பள்ளத்தைக் கடந்தாலும் நான்கைந்து முறை துள்ளும். பள்ளம் ஒன்று, நீங்கள் எழுதுவது ஐந்து.

அடுத்து பக்கத் தாங்கிகள். உடலுக்கும் போகிக்கும் இடையே இருப்பவை இவை. எண்ணெய் வற்றிப் போயிருந்தால் போகி எளிதாகத் திரும்பாது, வளைவில் நுழையும்போது முரண்டு பிடித்து வெட்டென்று திரும்பும். அதை வளைவின் குறை என்று எழுதிவிடுவது புதியவர்களின் வழக்கம். பிறகு வெர்சைன் (கயிறு பிடித்து அளக்கும் வளைவின் ஆழம்) அளந்து பார்த்தால் வளைவு ஒழுங்காக இருக்கும்.

மூன்றாவது, சக்கரத்தின் தட்டை. பிரேக் இறுகி வழுக்கிய சக்கரத்தில் ஒரு சப்பை விழுந்திருக்கும். டார்ச் அடித்துச் சக்கரத்தின் ஓடுபரப்பைப் பாருங்கள். அதன் தாளம் எப்படி இருக்கும் என்று 6-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

பிறகு முனைக்கு வாருங்கள். கடைசிப் பெட்டி என்பதால் பின்விளக்கும், கடைசிப் பெட்டி இதுவே என்று காட்டும் எல்.வி. பலகையும் உங்கள் பெட்டியில்தான் வர வேண்டும். மாட்டியிருக்கிறார்களா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள். உள்ளே வேகமானி ஓடுகிறதா, காற்றழுத்த மானி வண்டியில் இருப்பதையே காட்டுகிறதா, அவசர பிரேக் வால்வு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். டிரெயின் மேனேஜரிடம் (கார்டு) வாக்கி-டாக்கி அலைவரிசையைக் கேட்டு ஒருமுறை பேசிப் பாருங்கள்.

## 5. கண்ணாடியும் இருக்கையும்

ஓடும் வண்டியின் வாலில் காற்று சுழன்று உள்ளே இழுக்கும். பிரேக் தூசி, மண், சருகுத் தூள் எல்லாம் பின்கண்ணாடியில்தான் படியும். புறப்படும்போது பளிங்காக இருந்த கண்ணாடி நூறு கிலோமீட்டரில் மங்கிப்போகும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கும் நிலையங்களில் நடைமேடையில் இருந்தபடியே துடைத்துவிடுங்கள். பாதைப் பக்கம் இறங்கித் துடைக்க வேண்டாம், பக்கத்துப் பாதையில் எது வரும் என்று சொல்ல முடியாது.

மாலையில் உள்விளக்கை அணையுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

இருவர் வேண்டும். ஒருவர் பார்ப்பார், வாயால் சொல்வார், தாளைத் தொடவே மாட்டார். மற்றவர் எழுதுவார், கிலோமீட்டர் கற்களை எண்ணுவார். ஒவ்வொரு முப்பது, நாற்பது நிமிடத்துக்கும் இருவரும் மாறிக்கொள்ளுங்கள். பின்னோக்கி ஓடும் காட்சி கண்ணைச் சொக்க வைக்கும். மனஉறுதியால் அதை வெல்ல முடியாது, மாறி உட்கார்ந்துதான் வெல்ல முடியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்கியமான பகுதி வராதபடி திட்டமிடுவதும் நல்லது. சலூன் சமையல்காரர்கள் கை தாராளம்.

## 6. முதல் பத்து கிலோமீட்டர்: எதையும் எழுதாதீர்கள்

இந்தத் தூரம் பெட்டியைப் பழகுவதற்கு. அண்மையில் பேக்கிங் முடித்த, நன்றாக இருப்பது தெரிந்த ஒரு நேர்ப்பகுதியில் உட்கார்ந்து கவனியுங்கள். அங்கேயும் பெட்டி ஆடினால், அந்த ஆட்டம் பெட்டியின் சொந்தச் சொத்து. நாள் முழுக்க அதைக் கழித்துக்கொண்டே எழுத வேண்டும்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடமே ஆட்டத்தைப் பெரிதாக்கும். ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், இரு போகிகளின் மையங்களுக்கு இடையே 14.8 மீட்டர். ஆக, பின்போகிக்கு அப்பால் 3 மீட்டருக்கு மேல் பெட்டி தொங்கிக்கொண்டிருக்கிறது, அந்தத் தொங்கலின் நுனியில் உங்கள் நாற்காலி. போதாக்குறைக்கு, பின்னால் இன்னொரு பெட்டி பிடித்துக்கொண்டு இல்லாததால் வால் தாராளமாக வீசும். ஓட்டுநருக்குத் தெரியாத ஆட்டம் உங்களுக்குத் தெரிவதில் ஆச்சரியமில்லை. ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு ஒப்பிட மட்டும் உங்கள் உணர்வைப் பயன்படுத்துங்கள்.

ஒலியை இப்படிப் பிரிக்கலாம். புதிய ஐ.சி.எஃப். சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ., சுற்றளவு 2.87 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் சக்கரத்தின் தட்டை நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை தட்டும், தேய்ந்த சக்கரத்தில் சற்று அதிகம். 13 மீட்டர் தண்டவாளங்களைப் பற்றவைத்த பாதையில் பற்று ஒவ்வொன்றும் தாழ்ந்திருந்தால், அதே வேகத்தில் நொடிக்கு இரண்டு தட்டுதான் வரும். படபடவென்று அடித்தால் சக்கரம், நிதானமாக அடித்தால் பாதை. இரண்டும் வேகத்தோடு ஏறி இறங்கும். வேகம் மாறியும் தாளம் மாறாத துள்ளல் வில்லில் இருந்து வருவது.

## 7. பார்க்கும் வரிசை: தூரம், அருகு, பக்கம்

கண்ணை ஒரே இடத்தில் வைத்திருந்தால் எதுவும் நினைவில் நிற்காது. மூன்று பார்வைகளை மாற்றி மாற்றிச் சுழற்றுங்கள்.

தூரப் பார்வை. இரு தண்டவாளமும் தூரத்தில் சேர்வது போலத் தெரியும் இடத்துக்குச் சற்று இப்பால் பாருங்கள். நேர்ப்பகுதியில் பக்கவாட்டு நெளிவும், உயரத்தில் வரும் பள்ளமும் இங்கேதான் தெரியும். பைனாகுலர் தூரத்தைச் சுருக்கிக் காட்டுவதால் நெளிவு மிகையாகத் தெரியும், அதனாலேயே அது உதவும். பாலத்தின் இரு தலைப்பிலும் கரை மண் அமர்ந்து பள்ளம் விழுவது சகஜம். பாலத்தின் மேல் பாதை நேராகவும் முன்னும் பின்னும் தாழ்ந்தும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அருகுப் பார்வை. இருபது, முப்பது மீட்டர் தூரத்தில் பார்வையை நிறுத்துங்கள். இங்கே மூன்று விஷயங்கள்.

ஒன்று, தண்டவாளத் தலையில் சக்கரம் தேய்த்த பளபளப்புப் பட்டை. அது ஒரே அகலத்தில் ஒரே இடத்தில் ஓட வேண்டும். நேர்ப்பாதையில் பட்டை ஒரு ஓரத்துக்கு நகர்ந்து திரும்ப வந்தால், அங்கே தண்டவாளம் சாய்ந்திருக்கலாம் அல்லது அகலம் மாறியிருக்கலாம். வளைவில் வெளித் தண்டவாளத்தின் உள்பக்கம் துருவே இல்லாமல் மின்னினால் பக்கத் தேய்வு நடக்கிறது என்று அர்த்தம். இந்தப் பட்டை தடுமாறும் இடத்தைப் பார்த்துப் பழகிவிட்டால், மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் சொல்லும் அடையாளம் இதுதான் என்பது என் அனுபவம்.

இரண்டு, ஜல்லி. நீள் பற்றவைப்புப் பாதையில் நேர்ப்பகுதியில் தோளுக்கு (ஸ்லீப்பர் நுனிக்கு வெளியே உள்ள ஜல்லி) 350 மி.மீ., வளைவின் வெளிப்பக்கம் 500 மி.மீ. ஜல்லி வேண்டும். மில்லிமீட்டரை ஜன்னலில் அளக்க முடியாது. ஆனால் ஸ்லீப்பர் நுனி வெளியே தெரிகிறதா, தெரியவில்லையா என்பது தெரியும். நுனி தொடர்ந்து தெரிந்தால் தோள் சரிந்திருக்கிறது. ஒரு ஸ்லீப்பரைச் சுற்றி மட்டும் ஜல்லி வெள்ளைப் பொடியாக இருந்தால் அடியில் பேக்கிங் இல்லை, ஸ்லீப்பர் ஏறி இறங்கி ஜல்லியை அரைக்கிறது. மழைக்காலத்தில் அதே இடத்தில் சேறு பொங்கி நிற்கும். ஜல்லி குறைவதைப் போலவே கூடுவதும் குறைதான். ஸ்லீப்பரையே மூடிக் கிடந்தால் கீமேனால் கிளிப்பைப் பார்க்க முடியாது.

மூன்று, பாயின்ட்களும் (வண்டியைப் பாதை மாற்றுபவை) விரிவு இணைப்புகளும் (தண்டவாளம் வெப்பத்தில் நீள இடம்விடுபவை). நிலையத்தில் வண்டி மெதுவாகும்போது இவற்றைக் கவனிக்க நேரம் கிடைக்கும். அதை டீ குடிக்கும் நேரமாக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

பக்கப் பார்வை. வடிகால் அடைப்பு, கரைச் சரிவு, பாதையோரம் கொட்டிய குப்பை, பாதை கடந்து நடந்து உருவான ஒற்றையடித் தடம், சிக்னலை மறைக்கும் கிளை. லெவல் கிராசிங்கில் சாலைப் பரப்பு தண்டவாளத்தோடு சமமாக இருக்கிறதா, கேட் ஊழியர் கடைசிப் பெட்டி போகும் வரை நின்று பார்க்கிறாரா என்பதும் இதில் சேரும்.

சிக்னலும் பலகையும் பற்றி ஒரு விஷயம். நீங்கள் பின்னோக்கிப் பார்ப்பதால், உங்கள் வண்டிக்கான பலகைகளின் முதுகுதான் தெரியும். முகம் தெரிவதெல்லாம் எதிர்த்திசை ஓட்டுநருக்கானவை. அவர் எதைப் பார்ப்பாரோ அதையே நீங்களும் பார்க்கிறீர்கள். ஆகவே எதிர்த்திசைக்கான மஞ்சள் எச்சரிக்கைப் பலகை, வேகப் பலகை, பயணி வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் கட்டுப்பாடு முடியும் இடத்தைக் காட்டும் டி/பி, டி/ஜி பலகைகள், விசில் பலகை இவற்றைத்தான் இந்தப் பயணத்தில் சரிபார்க்க முடியும். உங்கள் திசைக்கானவற்றைத் திரும்பும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## 8. வளைவில் உடம்பு சொல்வதை எழுதும் முறை

வளைவில் உடம்பு வெளிப்பக்கம் சாய்ந்தவுடனே "லர்ச்" (திடீர்ப் பக்கவாட்டு உதை) என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமான பிழை. வளைவு முழுக்க ஒரே அளவில் வெளியே தள்ளினால், அந்த வேகத்துக்குக் கொடுத்த கேன்ட் (வெளித் தண்டவாளத்தை உயர்த்திய அளவு) கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அனுமதித்த அளவுக்குள் அப்படி இருக்கலாம். மெதுவாகப் போகும்போது உள்பக்கம் சாய்வதும் அப்படியே.

குறை என்பது வெட்டு. சாய்வு திடீரென வந்தால், நடுவில் விட்டுவிட்டு மறுபடி தள்ளினால், நுழைவில் ஒரு உதை விழுந்தால் எழுதுங்கள். எழுதும்போது நுழைவிலா, நடுவிலா, வெளியேறும் இடத்திலா என்று சேர்த்து எழுதுங்கள். நுழைவில் என்றால் கேன்ட் ஏறும் இடத்தையும் வளைவு இறுகும் இடத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும், நடுவில் என்றால் வெர்சைனின் ஏற்றத்தாழ்வை. அளக்கப் போகிறவர் எந்த இடத்தில் கயிறு பிடிப்பது என்பதே இதைப் பொறுத்தது.

அளவுக்குச் சுருக்கமாக மூன்று தரம் போதும்: லேசு, நடுத்தரம், கனம். மேசையில் ஒரு டம்ளரில் முக்கால் தண்ணீர் வைத்துக்கொண்டால் தரம் பிரிப்பதில் இருவருக்கும் சண்டை வராது. தண்ணீர் சிந்தினால் கனம். ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் அப்போதைய வேகத்தை எழுதுங்கள், 60-இல் வந்த உதையும் 110-இல் வந்த உதையும் ஒன்றாகாது. வேகமானி வேலை செய்யாவிட்டால் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஆன நொடிகளால் 3,600-ஐ வகுங்கள். 36 நொடி என்றால் 100, 45 நொடி என்றால் 80.

## 9. இடத்தைக் குறிப்பது

குறையைக் கண்டு, வாயால் சொல்லி, மற்றவர் காதில் விழுந்து, பென்சில் தாளைத் தொட மூன்று நொடியாகும். அதற்குள் வண்டி 90 மீட்டர் தாண்டிவிடும். மின்கம்பங்களுக்கு இடையே அதிகபட்சம் 72 மீட்டர்தான், ஆக ஒரு கம்பத்துக்கு மேல் பிசகு. இதைத் தவிர்க்க, பார்ப்பவர் குறையைக் கண்ட கணமே "இப்போ" என்று மட்டும் சொல்லட்டும், எழுதுபவர் அந்தக் கணம் அருகில் இருந்த கம்ப எண்ணைப் பிடிக்கட்டும். குறை என்ன என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கம்ப எண் கிலோமீட்டரும் வரிசை எண்ணுமாக இருக்கும், 152/14 என்பது போல. இரட்டைப் பாதையில் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை என்பதால் 14-க்கு அடுத்தது 16. இதை மறந்து எண்ணினால் கிலோமீட்டர் முடிவதற்குள் கணக்கு உதைக்கும். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் தாளோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாலமோ லெவல் கிராசிங்கோ வரும்போது இன்னொரு முறை.

இனி இடது, வலது. நீங்கள் பின்னோக்கி உட்கார்ந்திருப்பதால் உங்கள் இடக்கை, வண்டி போகும் திசைக்கு வலப்பக்கம். இருவர் ஆளுக்கொரு கணக்கில் சொன்னால், கேங் போய் நல்ல தண்டவாளத்தைத் தூக்கிப் பேக்கிங் செய்துவிட்டுக் கெட்டதை அப்படியே விட்டு வரும். கிலோமீட்டர் எண் ஏறும் திசையைப் பார்த்து நின்றால் எது இடமோ அதையே எப்போதும் இடம் என்று எழுதுங்கள். ஏறும் முன் இருவரும் இதைப் பேசி முடித்து, தாளின் தலையில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். வளைவில் இந்தத் தொல்லையே இல்லை, வெளித் தண்டவாளம், உள் தண்டவாளம் என்று எழுதினால் போதும்.

## 10. உடனே சொல்ல வேண்டியவை

சில குறைகள் தாளுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரே ஒரு பலத்த அடியோடு தண்டவாளம் முறிந்திருக்குமோ என்ற சந்தேகம், வெப்பத்தில் பாதை பாம்பாக நெளிந்தது போன்ற தோற்றம், ஜல்லிக்கு அடியில் கரை அரித்துப் போனது, பாதைமேல் கிடக்கும் பொருள். இவற்றில் எதைக் கண்டாலும் வாக்கி-டாக்கியில் டிரெயின் மேனேஜருக்கும் ஓட்டுநருக்கும் உடனே சொல்லுங்கள், கைபேசியில் கன்ட்ரோலுக்கும் (வண்டிகளை இயக்கும் கட்டுப்பாட்டு அறை) சொல்லுங்கள். உங்கள் வண்டி தாண்டிவிட்டது, பின்னால் வருகிற வண்டியை நிறுத்துவதுதான் அவசரம். பக்கத்துப் பாதைக்கும் ஆபத்து என்றால் அதையும் தனியாகச் சொல்லுங்கள், அவர்களாகவே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடக் கூடாது.

உறுதியாகத் தெரியவில்லையே, சொல்லிவிட்டு ஒன்றும் இல்லாமல் போனால் என்ன நினைப்பார்கள் என்று தயங்குபவர்கள் உண்டு. வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொன்னால் போகிறது சில நிமிடம்தான். தயங்கியதற்கு விலை வேறு.

ஓடும்போது பின்கதவைத் திறப்பது, தலையை வெளியே நீட்டுவது இரண்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

## 11. இறங்கிய அன்றே செய்ய வேண்டியது

தாளை அன்று இரவே சுத்தமாக எழுதுங்கள். மறுநாள் உங்கள் கையெழுத்து உங்களுக்கே புரியாது.

ஜன்னலில் கண்டது எல்லாமே சந்தேகம்தான், அளந்த பிறகுதான் குறை. கனம் என்று எழுதிய இடங்களுக்கு முதலில் போங்கள், நடந்தோ டிராலியிலோ. பள்ளம் என்றால் கேஜ்-கம்-லெவல் என்ற கருவி வைத்து அகலமும் குறுக்கு மட்டமும் அளக்கலாம். வளைவு என்றால் 20 மீட்டர் கயிறு பிடித்து 10 மீட்டருக்கு ஒருமுறை வெர்சைன். 2 டிகிரி வளைவில் வெர்சைன் 57 மி.மீ. அளவில் வர வேண்டும். ஒரு இடத்தில் 45, அடுத்த இடத்தில் 70 என்று குதித்தால், சலூனில் விழுந்த உதைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அளந்தும் ஒன்றும் கிடைக்காவிட்டால் அங்கே ஒரு வண்டி போகும் வரை ஒதுங்கி நின்று பாருங்கள். சும்மா இருக்கும்போது மட்டமாக இருக்கும் பாதை, சக்கரம் ஏறும்போது அமிழ்ந்து எழுவது அப்போதுதான் தெரியும்.

அளவுகளைப் பாதைத் தாளில் வெற்றாக விட்ட வலப்பக்கத்திலேயே ஏற்றுங்கள். பாதைப் பதிவு வண்டி அடுத்த முறை ஓடியதும் அதன் முடிவையும் அதே வரியில் சேர்க்கலாம். இரண்டு மூன்று சுற்று இப்படிச் செய்த தாளை வைத்துப் பார்த்தால், உங்கள் கண் எதை மிகைப்படுத்துகிறது, எதைத் தவற விடுகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்குப் பக்கவாட்டு உதை மிகையாகவும், நீண்ட மெல்லிய பள்ளம் குறைவாகவும் தெரிகிறது.

பெட்டியில் கண்ட குறைகளைத் தனித் தாளில் எழுதி டிப்போவுக்குக் கொடுங்கள். எந்த டேஷ்பாட் கசிகிறது, எந்த அச்சில் தட்டை, வேகமானி எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று அச்சு எண்ணோடு எழுதினால், அடுத்து அந்தப் பெட்டியில் ஏறப்போகும் பொறியாளருக்குப் பழகும் பத்து கிலோமீட்டர் ஐந்தாகக் குறையும்.